தனித்த வலையமைப்பு என்னும் அரண்: கூடங்குளம் 2019 நிகழ்வும் கல்பாக்கம் வட்டாரமும்

1. கேள்வி

நாட்டின் இன்றியமையாத தகவல் உள்கட்டமைப்பு எது என்பதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 70ஆம் பிரிவில் விளக்கம் தருகிறது. எந்தக் கணினி வளம் முடங்கினால் அல்லது அழிந்தால் நாட்டின் பாதுகாப்பு, பொருளாதாரம், மக்களின் உடல்நலம் ஆகியவை நிலைகுலையுமோ, அதுவே அத்தகைய உள்கட்டமைப்பு. இந்த விளக்கம் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

இந்த வரையறைக்குள் வரத்தக்கவை பல, செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகச் சிறிய நிலப்பரப்பில் நெருங்கி அமைந்துள்ளன. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் 220 மெகாவாட் உலைகள் இரண்டு, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பாவினி நிறுவனத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலை ஆகியவை உள்ளன. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிச் சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் பாதை செல்கிறது.

அந்தப் பாதையில் உள்ள கூடுவாஞ்சேரி, கல்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அணுமின் நிலையத்தைச் சுற்றி வரையப்பட்டுள்ள 16 கி.மீ. அவசரநிலைத் திட்ட வட்டத்துக்குள் அது வருவதில்லை. கதிரியக்கக் கசிவை மனத்தில் கொண்டு வரையப்பட்ட அந்த வட்டத்தை மின்னணுத் தாக்குதலுக்கு வரைய முடியாது. பெங்களூரில் இருக்கும் மின்சுமை மேலாண்மை மையம் ஒன்று தடுமாறினால், கல்பாக்கத்து வேலிக்கு அருகில் குடியிருப்பவருக்கும் கூடுவாஞ்சேரியில் குடியிருப்பவருக்கும் ஒரே நேரத்தில்தான் கரண்ட் போகும்.

இத்தகைய நிலையங்களின் பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கு அதிகாரபூர்வமாகத் தரப்படும் பதில் பெரும்பாலும் ஒன்றே: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, இணையத்தோடு தொடர்பற்றவை. பொறியாளர்கள் இதை ‘ஏர் கேப்’ என்பார்கள். இந்தப் பதில் எதுவரை செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அதற்கு நெருங்கிய சான்று தமிழ்நாட்டிலேயே, திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில், 2019இல் கிடைத்தது.

2. கூடங்குளம்: அடுத்தடுத்த நாட்களில் இரு அறிக்கைகள்

2019 அக்டோபர் 28 அன்று, ‘டிட்ராக்’ என்னும் வேவு நிரலின் மாதிரி ஒன்று இணையத்தில் பேசுபொருளானது. தீநிரல்களைச் சோதிக்கும் பொதுத் தளம் ஒன்றில் யாரோ அதை ஏற்றியிருந்தார்கள். அதை ஆராய்ந்தவர்கள் கண்டது சாதாரண விஷயம் இல்லை. கூடங்குள வலையமைப்பின் நிர்வாகிக் கணக்கின் பெயரும் அதற்கான கடவுச்சொல்லும், உள் வலையமைப்பின் முகவரியும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

மறுநாள், அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையம் மறுப்பு வெளியிட்டது. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் இணைக்கப்படாதவை, எனவே அவற்றின் மீது இணையவழித் தாக்குதல் சாத்தியமில்லை என்பது அதன் சாரம். முதல் அலகு 1000 மெகாவாட்டும் இரண்டாம் அலகு 600 மெகாவாட்டும் உற்பத்தி செய்துகொண்டிருப்பதாகவும் அது கூறியது.

அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது. தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அது ஒப்புக்கொண்டது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு அதைக் கவனித்துச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. அணுசக்தித் துறையின் வல்லுநர்கள் உடனே விசாரித்தார்கள். நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினியே பாதிக்கப்பட்டது என்றும், முக்கிய உள் வலையமைப்பு அதிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டுள்ளது என்றும் அறிக்கை கூறியது.

இரு அறிக்கைகளையும் எழுத்தெண்ணிப் படித்தால் அவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. முதலாவது கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது, இரண்டாவது நிர்வாக வலையமைப்பைப் பற்றியது. ஆனால் ஊடுருவல் பற்றி எட்டு வாரங்களாக அரசின் ஒரு பகுதிக்குத் தெரிந்திருக்க, நிலையத்தின் பெயரால் வந்த முதல் குறிப்பு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உலைப் பாதுகாப்பை நிகழ்தகவுகளில் கணக்கிட்டுப் பழகிய துறை ஒன்று, செய்திக் குறிப்பில் மட்டும் “சாத்தியமில்லை” என்று எழுதியது வியப்புக்குரியது.

நிகழ்வுக்கு மூன்று வகையான விளக்கங்கள் தரப்பட்டன. உலையே தாக்கப்பட்டது என்பது ஒன்று. இரண்டாம் அலகு அக்டோபர் 19 அன்று நின்றதை இதற்குச் சான்றாகச் சிலர் காட்டினர். நீராவி உருவாக்கியில் நீர்மட்டம் குறைந்ததே நிறுத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதைத் தீநிரலோடு இணைக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. இந்த விளக்கத்தை ஒதுக்கிவிடலாம். அதற்கு நேரெதிராக, ஒரே ஒரு அலுவலகக் கணினிதான் பாதிக்கப்பட்டது, கவலைக்கு இடமில்லை என்பது மற்றொன்று. நிரலுக்குள் நிர்வாகியின் கடவுச்சொல் இருந்த உண்மையோடு இது எளிதில் ஒத்துப்போகவில்லை. முன்கூட்டியே ஒருமுறை உள்ளே வந்து, தேவையானதைத் திரட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கென்றே தைத்த சட்டைபோல் நிரலை மாற்றி எழுதியவர்கள் செய்த வேலை அது. தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு என்னும் உளவு நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், செப்டம்பரிலேயே அரசுக்குத் தகவல் தந்ததாகவும், வலையமைப்பின் மையக் கட்டுப்பாட்டுக் கணினி வரை தாக்குநர்கள் எட்டியிருந்ததாகவும் பொதுவெளியில் கூறினார்.

மூன்றாவது விளக்கமே சான்றுகளுக்கு நெருக்கமானது: நடந்தது நாசவேலை இல்லை, தகவல் திரட்டல். டிட்ராக்கை முதலில் விவரித்த காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, விசை அழுத்தங்கள், உலாவி வரலாறு, இணைய முகவரிகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், வட்டிலுள்ள கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றை அது திரட்டுகிறது. அதன் உறவு நிரல் ஒன்று இந்திய வங்கிகளின் ஏ.டி.எம்.களில் முன்பே காணப்பட்டது. வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் ‘லாசரஸ்’ குழுவை அந்நிறுவனம் சுட்டியது.

நிர்வாக வலையமைப்பில் இருப்பது சம்பளப் பட்டியல்தானே என்று கேட்கலாம். ஒப்பந்ததாரர்களின் பெயர்கள், உதிரிபாகக் கொள்முதல், பராமரிப்புக்காக அலகை நிறுத்தும் தேதிகள், யாருக்கு எந்த அறையில் வேலை என்பவையும் அங்கேதான் இருக்கும். அவற்றின் மதிப்பு என்ன என்பதை ஈரானில் நடந்தது காட்டுகிறது.

3. தனிமை உடையும் வழிகள்

2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்று கண்டறிந்த ‘ஸ்டக்ஸ்நெட்’, ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்தது. அந்த ஆலையும் இணையத்தோடு இணைக்கப்படாததுதான். நிரல் உள்ளே போனது பென்டிரைவ் போன்ற கையடக்கச் சாதனங்கள் வழியாக. முதலில் தொற்றியவை ஆலைக் கணினிகளே இல்லை. ஆலையோடு தொழில் தொடர்புடைய ஐந்து ஈரானிய நிறுவனங்கள்தான் தொடக்கப் புள்ளிகள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. உள்ளே சேர்ந்ததும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து, சுழல் இயந்திரங்களின் வேகத்தை மாற்றியது. அதேவேளையில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டியது. சைமண்டெக் நிறுவனத்தின் கணக்கில், அது தொற்றிய கணினிகள் அதிகமிருந்த நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது இடத்தில் இருந்தது. இந்திய ஆலைகள் அதன் இலக்கில் இல்லாததால் சேதம் நேரவில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்தில் 2003 ஜனவரியில் நடந்தது இன்னும் எளிமையானது. ‘ஸ்லாம்மர்’ என்னும் புழு நிரல், ஒப்பந்ததாரர் ஒருவரின் வலையமைப்பு வழியாக, தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. பாதுகாப்பு அளவைகளைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலிழந்தது. யாரும் அந்த நிலையத்தைக் குறிவைக்கவில்லை. உலை அப்போது நிறுத்தத்தில் இருந்தது நல்வாய்ப்பு.

இரண்டு நிகழ்வுகளிலும் வழி திறந்தது வெளியாள் ஒருவருடைய கணினி. வால்வு பழுது பார்க்கவும் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கவும் வரும் டெக்னீஷியனின் லேப்டாப்பும் பென்டிரைவும் இல்லாமல் எந்தப் பெரிய ஆலையும் ஓராண்டு ஓடாது. கேட்டில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் காவலருக்கு, கருவிப்பெட்டிக்குள் இருக்கும் அளவுதிருத்தச் சாதனமும் ஒரு கணினிதான் என்று தெரிந்திருக்க வேண்டும். தனிமை என்பது கட்டி முடித்துவிட்டுப் போகும் மதில் போன்றதாகவே அறிக்கைகளில் வருகிறது. நடைமுறையில் அது ஒவ்வொரு ஷிப்டிலும் காக்கப்பட வேண்டிய ஒழுங்கு.

பிரித்து வைத்திருக்கிறோம் என்று நம்பியது பிரியாமல் கிடந்ததற்கு டெல்லி எய்ம்ஸ் சான்று. 2022 நவம்பர் 23 அன்று ரேன்சம்வேர் தாக்குதலில் அம்மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் முடங்கின. புறநோயாளிப் பதிவும் ஆய்வக முடிவுகளும் நாட்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பின. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

4. கல்பாக்கம்: புவியீர்ப்பும் மின்சாரமும்

கல்பாக்கத்தின் உலைகளைப் பொறுத்தவரை அச்சத்தைப் பெருக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. சென்னை அணுமின் நிலையத்தின் இரு அலகுகளும் முறையே 1984, 1986ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. இணையம் புழக்கத்துக்கு வருமுன் வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நிறுத்தும் அடிப்படை முறை, உலைக்கலத்திலுள்ள கனநீரைக் கீழேயுள்ள தொட்டிக்கு வடிப்பது. கனநீர் வடிந்ததும் பிளவுத் தொடர் அறுந்துவிடும். ஈனுலையில் ஒன்பது கட்டுப்பாட்டுத் தண்டுகளும், வேறு வடிவமைப்பிலான மூன்று பாதுகாப்புத் தண்டுகளும் உண்டு. பிடி விடுபட்டால் அவை தம் எடையாலேயே உலைக்குள் விழும். புவியீர்ப்பை ஊடுருவி மாற்றும் நிரல் எதுவும் கிடையாது.

ஆனால் உலை நின்ற பிறகும் வெப்பம் நிற்பதில்லை. சிதைவு வெப்பத்தை மணிக்கணக்கில், நாட்கணக்கில் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈனுலையில் இதற்கென நான்கு தனிச் சுற்றுகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட் வெப்பத்தை அகற்றும் திறனோடு, சோடியத்தின் இயற்கைச் சுழற்சியையே நம்பி அமைக்கப்பட்டுள்ளன. பழைய உலைகளில் பம்ப் ஓட வேண்டும். பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். அது வெளி மின்தொகுப்பிலிருந்து வர வேண்டும், இல்லையேல் டீசல் ஜெனரேட்டரிலிருந்து.

உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று விசையாழிக் கட்டடத்தில் பற்றிய தீ கேபிள்களை எரித்தபோது, கல்பாக்கத்தைப் போன்றே 220 மெகாவாட் திறனுள்ள கனநீர் உலை ஒன்று 17 மணி நேரம் முழு மின்னிழப்பில் கிடந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தியவர்களும், தீயணைப்புக்கான டீசல் பம்பைக் கொண்டு நீராவி உருவாக்கிகளுக்கு நீர் செலுத்திக் குளிர்வித்தவர்களும் அங்கிருந்த பணியாளர்களே. கல்பாக்கத்திலேயே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. இவ்விரண்டும் மின்னணுத் தாக்குதல்கள் இல்லை. எனினும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன: உலைக்கு வரும் ஆபத்து உலைக் கணினி வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. தனித்த வலையமைப்பு என்னும் பதில், உலை எதையெல்லாம் சார்ந்து நிற்கிறதோ அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சார்புகளில் முதலாவது மின்தொகுப்பு.

5. மின்தொகுப்பு

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் இருண்டபோது தமிழ்நாட்டில் விளக்கு அணையவில்லை. தென்மண்டலத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக இணைப்பு நிகழ்ந்தது. அதனால் மின் பரிமாற்றம் எளிதாயிற்று. வெகுதொலைவில் எழும் குழப்பம் தெற்கை வந்தடையவும் வழி பிறந்தது. தனித்திருந்தது இணைக்கப்பட்டதற்கு நல்ல பொருளாதாரக் காரணங்கள் இருந்தன. உள்கட்டமைப்பு வரலாற்றில் தனிமை பெரும்பாலும் இப்படி நியாயமான காரணங்களுக்காகத்தான் கைவிடப்படுகிறது.

2021 பிப்ரவரியில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம், சீனத் தொடர்புடையதாகத் தான் கருதிய ‘ரெட்எக்கோ’ குழு இந்திய மின்துறை அமைப்புகளைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. ஐந்து மண்டல மின்சுமை மேலாண்மை மையங்களில் நான்கு அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டையும் கவனிக்கும் பெங்களூர் மையம் அவற்றுள் ஒன்று. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் பட்டியலில் இருந்தது.

அந்த அறிக்கை வந்த வேளையில், 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் ஏற்பட்ட மின்தடை இத்தாக்குதலின் விளைவா என்ற விவாதம் எழுந்தது. மகாராஷ்டிர அரசு அப்படி இருக்கலாம் என்றது. ஒன்றிய மின்துறை அமைச்சர் ஆர்.கே.சிங் மனிதத் தவறே காரணம் என்றார். ரெக்கார்டட் ஃபியூச்சரும் இரண்டுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே எழுதியது. ஊடுருவல் நடந்தது என்பதற்கும் மின்தடைக்கு அதுவே காரணம் என்பதற்கும் தேவைப்படும் சான்றுகள் வேறு வேறு. நாளிதழ்த் தலைப்புகள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

2022 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட அடுத்த அறிக்கை, லடாக்கை ஒட்டிய வட இந்திய மாநில மையங்கள் மீதான முயற்சிகளை விவரித்தது. தாக்குநர்கள் தங்கள் கட்டளைகளை அனுப்ப இடைநிலையாகப் பயன்படுத்தியவை, இணையத்தில் திறந்து கிடந்த ஐ.பி. கேமராக்களும் டி.வி.ஆர். பெட்டிகளும். பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட சி.சி.டி.வி. பெட்டி ஒன்று எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். கூடுவாஞ்சேரி கடைவீதி அதற்கு விலக்கில்லை. மின்சுமை மையத்தின் காவல், அந்த மையத்தின் வாசலோடு முடிவதில்லை.

முழு மின்தடையாகவே முடிந்த தாக்குதலுக்கு உக்ரைன் சான்று. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்பகிர்மான நிறுவனங்களின் கட்டுப்பாட்டுத் திரைகளில் சுட்டி தானாக நகர்ந்து சுற்றுமுறிப்பான்களைத் திறந்தது. ஏறத்தாழ 2.25 லட்சம் நுகர்வோர் இருளில் மூழ்கினர். புகார் தொலைபேசிகள் போலி அழைப்புகளால் நிரப்பப்பட்டன. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியதற்குக் காரணம், பணியாளர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் இயக்கியது. பழைய முறை அவர்களுக்கு மறந்துபோயிருக்கவில்லை.

தமிழ்நாட்டு மின்வாரியத்தின் பல துணை மின்நிலையங்களில் ஆபரேட்டர் இன்றும் பதிவேட்டில் மணிக்கொரு முறை அளவு குறிக்கிறார். நவீனமயத்தின் கணக்கில் இது பின்தங்கல். மீட்பின் கணக்கில் இதுவே சேமிப்பு. தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்க வல்ல ஸ்மார்ட் மீட்டர்கள் வீடுதோறும் வரும்போது, கையால் மீட்கும் திறன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை மின்வாரியம் தனியாகத் திட்டமிட வேண்டியிருக்கும். மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட மின்துறை இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் பாதுகாப்புத் தலைமை அலுவலர் வேண்டும், கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும், நம்பகமான விற்பனையாளரிடமே கருவி வாங்க வேண்டும் என்கின்றன.

6. குடிநீர்

நெம்மேலியில் 2013இல் தொடங்கிய நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நிலையமும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய 15 கோடி லிட்டர் நிலையமும் சென்னையின் தென்பகுதிக்கு நீர் தருகின்றன. அழுத்தம், வேதிப்பொருள் அளவு, வால்வு எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்குவது இத்தகைய நிலையங்களின் இயல்பு. நீர்த்துறையில் நிறுவப்பட்ட பழைய நிகழ்வு ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷயரில் 2000ஆம் ஆண்டில் நடந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், வானொலிக் கருவியும் லேப்டாப்பும் கொண்டு பம்புகளை இயக்கி, ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் விட்டார். மாறாக, 2021இல் புளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் நகரக் குடிநீரில் நஞ்சு கலக்க நடந்த முயற்சி என்று உலகமெங்கும் பேசப்பட்டது, ஊழியரின் தவறாகவே இருந்திருக்கலாம் என்று பின்னர் அந்நகரத்தின் முன்னாள் நிர்வாகியே கூறினார். முன்னதில் குற்றவாளி அமைப்பை உள்ளிருந்து அறிந்தவர். பின்னதில் குற்றம் நடந்ததா என்பதே தெளிவில்லை. இரண்டிலும் இணையத்தைத் துண்டிப்பது முழுத் தீர்வாகியிருக்காது.

7. சட்டமும் வெளிப்படுத்தலும்

சட்டக் கட்டமைப்பு ஏட்டளவில் முழுமையானது. தேசிய முக்கியத் தகவல் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் 2014 ஜனவரியில் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பின் கீழ் உருவானது. செர்ட்-இன் 2004 முதல் இயங்குகிறது. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கணினி அமைப்பில் அத்துமீறி நுழைவோருக்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசும் 2020இல் தனக்கென இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது.

இவை எல்லாம் தகவல் மேல்நோக்கிச் செல்வதற்கான ஏற்பாடுகள். பொதுமக்களை நோக்கி வரும் வழி குறுகலானது. 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு முன்பே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. கூடங்குள விசாரணையின் அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. தென்கொரியாவின் அணுமின் நிறுவனம் 2014 டிசம்பரில் இதையொத்த திருட்டுக்கு ஆளானபோது, அரசின் விசாரணைக் குழு மூன்று மாதத்தில் இடைக்கால முடிவை வெளியிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பின் வரைபடத்தை வெளியிட முடியாது என்பது நியாயம். எத்தனை கணினிகள், எத்தனை நாள், யாருடைய கவனக்குறைவு, பிறகு என்ன மாற்றப்பட்டது என்பவற்றை வெளியிட அந்த நியாயம் தடையாகாது.

மற்றொரு குறை அளவுகோலில் இருக்கிறது. அணு நிகழ்வுகளைத் தரப்படுத்தும் ஏழு படிநிலைப் பன்னாட்டு அளவுகோல், கதிரியக்கப் பாதுகாப்பைக் கொண்டே அளக்கிறது. பாதுகாப்பு மீறல்களையும் தீச்செயல்களையும் தரப்படுத்த அது உருவாக்கப்படவில்லை. எனவே கூடங்குளத்தில் நடந்தது போன்ற நிகழ்வுக்கு அதில் இடமே இல்லை. 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சட்டத் தகுதியற்றது என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை குறையாகச் சுட்டியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் வாரியத்துக்கு அத்தகுதியை வழங்கி, அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. தனியார் உலை ஒன்றின் அலுவலக வலையமைப்பில் நாளை ஒரு வேவு நிரல் கண்டறியப்பட்டால் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க ஆறு மணி நேரக் கெடு உண்டு. ஒழுங்குமுறை வாரியத்துக்கு எப்போது தெரிவிப்பது, கட்டுப்பாட்டு வலையமைப்பு உண்மையிலேயே பிரிந்திருக்கிறதா என்று நிலையத்தைச் சேராத எவர் வந்து சோதிப்பது, சோதனை முடிவில் எந்தப் பகுதியை மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊராட்சிகளுக்கும் தருவது என்பவை விதிகளில்தான் எழுதப்பட வேண்டும்.